அந்த 293.15 யாருடைய அறை?

போன மார்ச்சில் ஒரு நாள் மாலை நாலு மணிக்கு சிங்கப்பூரின் ஈசூனில் ஒரு பலமாடி கார் நிறுத்துமிடத்தின் மேல்தளத்தில் நின்றுகொண்டிருந்தேன். மேற்குப் பார்த்த சுவரில் சாம்பல் நிறத்தில் ஓர் அலுமினியப் பெட்டி, உள்ளே எங்கள் கம்பெனி செய்துகொடுத்த பவர் சப்ளையும் கண்ட்ரோல் போர்டும். தினமும் மூன்றரை மணி வாக்கில் அதுவாக நின்றுவிடுகிறது, இருட்டிய பிறகு அதுவாக எழுந்துகொள்கிறது என்று வாடிக்கையாளர் ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கூட வந்த பட்டறை அண்ணன் முப்பது வருஷமாகத் தகடு வெட்டிப் பெட்டி செய்பவர். அவர் மீட்டரைக்கூட வெளியே எடுக்கவில்லை.

"கைய வச்சுப் பாரு தம்பி."

வைத்தேன். நாலைந்து விநாடிக்கு மேல் தாங்கவில்லை.

"கம்ப்யூட்டர்ல எவ்வளவுன்னு வந்துச்சு?"

"40 டிகிரிண்ணே."

"வெளிய எவ்வளவுன்னு வச்சே?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஏனென்றால் நான் எதையும் வைக்கவில்லை. பெட்டி எவ்வளவு சூடாகும் என்று நான் கணக்கிட்ட சிமுலேஷன் சாஃப்ட்வேர், வெளி வெப்பநிலைக்கான கட்டத்தில் ஏற்கெனவே ஓர் எண்ணை வைத்திருந்தது, நான் அதைத் தொடாமல் விட்டிருந்தேன். 293.15 கெல்வின். அதாவது 20 டிகிரி செல்சியஸ். சிங்கப்பூரில் வெட்டவெளியில் எந்தப் பகலில் 20 டிகிரி பார்த்திருக்கிறோம்? 2023 மே 13 அன்று அங் மோ கியோவில் 37 டிகிரி பதிவானது, 1983 ஏப்ரலில் தெங்காவில் பதிவான அதே உச்சம். என் பெட்டியை மட்டும் நான் குளிர்சாதன அறைக்குள் மாட்டிக் கணக்குப் போட்டிருக்கிறேன்.

மின்சாரம், வெப்பம், காற்றோட்டம் எல்லாவற்றையும் ஒன்றாகக் கணக்கிடும் இந்த மல்ட்டிபிசிக்ஸ் சிமுலேஷனைக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று என்னிடம் வரும் தம்பி தங்கைகள் எல்லோரும் முதலில் கேட்பது எந்த மெனு எங்கே இருக்கிறது, எந்த வீடியோ பார்க்கலாம் என்றுதான். இப்போதெல்லாம் நான் இந்தப் பெட்டிக் கதையைத்தான் சொல்கிறேன். இந்த வகை மென்பொருளில் நாம் நிரப்பும் கட்டங்களைவிட, நம்மைக் கேட்காமலே நிரம்பியிருக்கும் கட்டங்கள் அதிகம். அதில் ஒவ்வொன்றும் வேறு யாரோ ஒருவருடைய அறை, வேறு யாரோ ஒருவருடைய சுவர். அவற்றை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து "இது என்னுடையதா?" என்று கேட்டுப் பழகியதுதான் இந்த மூன்று வருஷத்தில் நான் உண்மையாகக் கற்றது. மெனுக்கள் இரண்டு மாதத்தில் வந்துவிட்டன.

பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ஒரு செப்புக் கம்பியில் மின்சாரம் ஓடினால் சூடாகிறது. சூடானால் நீள்கிறது, மின்தடையும் ஏறுகிறது. மின்தடை ஏறினால் மின்சாரம் மாறுகிறது, அதனால் சூடு மறுபடி மாறுகிறது. மின்னியல், வெப்பவியல், பொருள்களின் வலிமை என்று மூன்று ஆசிரியர்கள் மூன்று செமஸ்டரில் தனித்தனியாக நடத்தியது அந்தக் கம்பிக்குள் ஒரே நேரத்தில் நடந்துகொண்டிருக்கிறது. பொருளைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து, துண்டுக்குத் துண்டு சமன்பாடு எழுதி, எல்லாவற்றையும் சேர்த்துத் தீர்க்கிறது மென்பொருள். அந்தத் துண்டுகளின் வலையைத்தான் மெஷ் என்கிறோம். நான் பழகியது காம்சோல், இங்கே பகுதிநேர முதுநிலைப் படிப்பில் சேர்ந்தபோது பல்கலைக்கழக உரிமத்தில் கிடைத்தது. ஸ்டாக்ஹோமில் 1986இல் தொடங்கிய நிறுவனம் அது. 1998இல் ஃபெம்லேப் என்று வந்த மென்பொருளுக்கு 2005இல்தான் காம்சோல் மல்ட்டிபிசிக்ஸ் என்று பெயர் மாற்றினார்கள். 20 டிகிரி என்பது சுவீடன்காரர்களின் பழக்கம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது, உலகம் முழுக்க அளவியல் கூடங்களில் நீளம் அளக்க வைத்திருக்கும் அடிப்படை வெப்பநிலையே அதுதான். இதே வகையில் இன்னொரு மென்பொருளான ஆன்சிஸ் மெக்கானிக்கலைத் திறந்தால் 22 டிகிரி இருக்கும். ஏதோ ஓர் எண்ணை அவர்கள் வைத்துத்தான் ஆக வேண்டும், தவறு அவர்களுடையது இல்லை.

புதிதாக வருபவர்களுக்கு காம்சோல் கொடுக்கும் அறிமுகப் பாடத்தில் ஒரு பஸ்பார் வரும். வளைத்த செப்புப் பட்டை, அதில் டைட்டானியம் போல்ட்டுகள், இரண்டு முனைக்கும் நடுவே 20 மில்லிவோல்ட். நான் அதை ஒரு சனிக்கிழமை காலையில் முக்கால் மணி நேரத்தில் முடித்துவிட்டேன். வண்ணப்படம் வந்தது, போல்ட் பக்கம் சிவப்பாக இருந்தது, சரி, அடுத்த பாடம் என்று போய்விட்டேன். அந்தப் பாடத்துக்குள் எவ்வளவு இருக்கிறது என்று ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்தபோதுதான் தெரிந்தது.

செம்பின் மின்தடை ஒரு டிகிரிக்குச் சுமார் 0.39% ஏறும், 100 டிகிரி சூடானால் கிட்டத்தட்ட 40%. இதை மாடலில் சேர்த்துவிட்டு, முனைகளில் 20 மில்லிவோல்ட்டை அப்படியே பிடித்து வைத்தால், மின்தடை ஏற ஏற மின்சாரம் குறைந்து பட்டையில் பிறக்கும் வெப்பமும் குறைகிறது. அதே பட்டையில் மின்னழுத்தத்தைப் பிடித்து வைக்காமல் மின்னோட்டத்தைப் பிடித்து வைத்துப் பாருங்கள், மின்தடை ஏறும்போது வெப்பமும் கூடவே ஏறும். செம்பும் அதுதான், மெஷ்ஷும் அதுதான். முனையில் நாம் எதைக் கட்டி வைக்கிறோம் என்பது மட்டும் மாறுகிறது, அதனால் முதலாவது தன்னைத் தானே ஆற்றிக்கொள்கிறது, இரண்டாவது தன்னைத் தானே மேலும் சுட்டுக்கொள்கிறது. நிஜத்தில் எங்கள் போர்டுகளில் மின்னோட்டத்தைத் தீர்மானிப்பது அந்தப் பக்கம் இருக்கும் மோட்டாரோ சார்ஜரோதான், பட்டையின் இரண்டு முனைக்கும் யாரும் 20 மில்லிவோல்ட் பிடித்து வைப்பதில்லை. பாடத்தில் இருந்த நிபந்தனையைப் பாடத்தோடு சேர்த்து என் வேலைக்குள் கொண்டுவந்திருந்தேன் என்று அன்றைக்குப் புரிந்தது. பொருளின் ஓரத்தில் நாம் இப்படிக் கட்டி வைப்பதைத்தான் எல்லை நிபந்தனை என்பார்கள், அந்தச் சொல்லைப் பரீட்சைக்காக நூறு தடவை எழுதியிருப்பேன், அதற்கு அர்த்தம் வந்தது அந்த மாலையில்தான்.

பெட்டிக்குத் திரும்புவோம். இதைக் காகிதத்திலேயே போடலாம், போட்டுப் பாருங்கள். உயரம் 400, அகலம் 300, ஆழம் 200 மில்லிமீட்டர். சுவரோடு ஒட்டியிருக்கும் பின்பக்கத்தை விட்டால் வெளிப்பரப்பு 0.40 சதுர மீட்டர். உள்ளே பிறக்கும் வெப்பம் 40 வாட். காற்று தானாக மேலெழும்பி ஆற்றும் இடத்தில் சதுர மீட்டருக்கு, டிகிரிக்கு 5 வாட் என்று எடுப்பது வழக்கம். 40ஐ 5 பெருக்கல் 0.40ஆல் வகுத்தால் 20. வெளியே 20, ஏற்றம் 20, ஆக மொத்தம் 40 டிகிரி. மூன்று மணி நேரம் ஓடிய என் சிமுலேஷன் சொன்னதும் இதேதான். மூன்று மணி நேரக் கணக்கு மூன்று வரிக் கணக்கோடு பொருந்தியதில் அன்று எனக்கு மகிழ்ச்சி, ஆனால் இரண்டிலும் ஒரே பிழைகளைப் போட்டிருந்தால் இரண்டும் பொருந்தத்தானே செய்யும்.

பட்டறையில் சோதித்தபோது இன்னும் நல்ல செய்தி. ஏசி ஓடும் அறை, 25 டிகிரி. பெட்டி 34க்கு மேல் போகவில்லை. கம்ப்யூட்டர் 40 சொன்னது, நிஜத்தில் 34தான், பாதுகாப்பாக இருக்கிறோம் என்று அறிக்கையில் எழுதினேன். அந்த 9 டிகிரி ஏற்றத்தைப் பார்த்த உடனே நான் நின்றிருக்க வேண்டும். 20 ஏற வேண்டிய இடத்தில் 9 ஏறினால் என் மாடலில் பாதிக்கும் மேலான ஆற்றுதல் காணாமல் போயிருக்கிறது என்று அர்த்தம். காணாமல் போனது கதிர்வீச்சு, அதாவது சூடான பரப்பு காற்றின் உதவியில்லாமல் தானாகவே வெளியே விடும் வெப்பம். பெயின்ட் அடித்த பரப்பு இந்த வெப்பநிலையில் கதிர்வீச்சாக மட்டும் சதுர மீட்டருக்கு, டிகிரிக்குச் சுமார் 6 வாட் வெளியே விடுகிறது, காற்று எடுத்துப்போவதைவிட அதிகம். வெப்பப் பரிமாற்றப் பகுதியில் கதிர்வீச்சை நாமாகச் சேர்த்தால்தான் உண்டு, இல்லாவிட்டால் பெட்டி கதிர்வீச்சே இல்லாத ஓர் உலகத்தில் இருக்கும். 5ஓடு 6ஐச் சேர்த்து 11 என்று போடுங்கள், 40 வாட்டுக்கு 9 டிகிரி என்று பட்டறையில் அளந்த எண் அப்படியே வரும்.

இப்போது வெயில். மாலை நாலு மணிக்கு மேற்குச் சுவரில் சதுர மீட்டருக்கு 600 வாட் விழுகிறது என்று வைப்போம், அந்தச் சாம்பல் பெயின்ட் அதில் 70% உறிஞ்சுகிறது. முன்பக்கம் மட்டும் 0.12 சதுர மீட்டர், மேல்பக்கத்தை விட்டுவிடலாம். 50 வாட். என் மின்சுற்று உள்ளே உண்டாக்குவதைவிட அதிகமான வெப்பத்தைச் சூரியன் வெளியிலிருந்து ஊற்றுகிறது, அதை நான் சேர்க்கவே இல்லை! 40ம் 50ம் 90 வாட், வகுத்தல் 11 பெருக்கல் 0.40, ஏற்றம் 20.5 டிகிரி. வெளியே 34 என்றால் பெட்டியின் மேல் 54.5.

அந்த 20.5ஐ இரண்டு முறை படித்துப் பார்த்தேன். கதிர்வீச்சை விட்டது ஏற்றத்தைக் கூட்டிக் காட்டியது, வெயிலை விட்டது குறைத்துக் காட்டியது, இரண்டும் ஒன்றையொன்று தின்று முதலில் வந்த அதே 20இல் கொண்டுவந்து விட்டன. வெளி வெப்பநிலையை மட்டும் யாராவது 34 என்று திருத்தியிருந்தால் என் தவறான மாடல் சரியான விடையைக் கொடுத்திருக்கும், நானும் அதை நம்பி அடுத்த பத்துப் பெட்டிக்கு அதையே பயன்படுத்தியிருப்பேன். 40க்கும் 54.5க்கும் உள்ள வித்தியாசம் சின்னதில்லை. எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர்கள் என்ற மின்தேக்கிகளின் ஆயுள் 10 டிகிரி ஏறினால் பாதியாகும் என்பது எங்கள் தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. 14.5 டிகிரி என்றால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். பெட்டி மதியம் நின்றுபோனதே ஒரு வகையில் நல்லது, நிற்காமல் ஓடியிருந்தால் சீக்கிரமே மொத்தமாகச் செத்திருக்கும்.

வெயிலை ஒழுங்காகச் சேர்க்க உட்கார்ந்தபோது இன்னொன்று நடந்தது. காம்சோலில் சூரியனை வெப்ப மூலமாக வைக்கலாம், அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி, நேர மண்டலம் கொடுத்தால் அதுவே சூரியன் நிற்கும் இடத்தைக் கணக்கிடும். கொடுத்தேன். மார்ச் 21, பகல் 12 மணிக்கு நம் தலைக்கு நேர்மேலே இருக்க வேண்டிய சூரியன் கிழக்கே சாய்ந்து நின்றது. மென்பொருளில் கோளாறு என்று இரண்டு நாள் தேடினேன். கோளாறு எதுவும் இல்லை. நாம் 103.8 டிகிரி கிழக்கில் இருக்கிறோம், 15 டிகிரிக்கு ஒரு மணி என்றால் கிரீன்விச்சைவிட ஏழு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகத்தான் முன்னால் இருக்க வேண்டும், ஆனால் 1982 ஜனவரி 1 முதல் நம் கடிகாரம் எட்டு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அதனால் நமக்கு உச்சிவெயில் பன்னிரண்டுக்கு இல்லை, ஒரு மணியைத் தாண்டித்தான். மேற்குச் சுவர் நாலு மணிக்குத் தகிப்பதற்கும் காரணம் இதில் பாதி இருக்கிறது. இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு இது ஒரு சிமுலேஷன் வழியாகத்தான் தெரிந்தது என்பதை இன்றும் சந்தோஷமாக நினைத்துக்கொள்கிறேன்.

பெட்டிக்கு உள்ளே இருக்கும் காற்றோடு நான் பட்ட பாடு தனி. முதலில் காற்றை அசையாத ஒரு பொருளாக, 0.026 என்ற வெப்பக் கடத்துத்திறனோடு வைத்தேன். போர்டின் வெப்பநிலை நம்பவே முடியாத உயரத்துக்குப் போனது. நிஜத்தில் சூடான காற்று மேலே போய், சுவரில் ஆறிக் கீழே இறங்கிச் சுற்றிக்கொண்டே இருக்கும், அந்தச் சுழற்சிதான் வெப்பத்தைச் சுமக்கிறது. சரி, காற்றோட்டத்தையும் சேர்த்துவிடலாம் என்று சேர்த்தேன். தீர்வு கிடைக்கவில்லை என்று சிவப்பு எழுத்தில் வந்தது. மெஷ்ஷை நுணுக்கினேன். வரவில்லை. இன்னும் நுணுக்கினேன். முப்பரிமாணத்தில் துண்டின் அளவைப் பாதியாக்கினால் துண்டுகள் எட்டு மடங்காகும், 16 ஜிபி நினைவகம் உள்ள என் லேப்டாப் திணறி நின்றது. மூன்று இரவுகள் போயின.

ஆய்வுக்கூடத்தில் இருந்த ஓர் அக்கா, தமிழ்நாட்டிலிருந்து முனைவர் பட்டத்துக்கு வந்தவர், என் மாடலை ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு இரண்டு விஷயம் சொன்னார். முதலாவது, மூடிய பெட்டிக்குள் காற்றழுத்தம் எவ்வளவு என்று நான் எங்குமே சொல்லவில்லை. சமன்பாட்டுக்கு அழுத்தத்தின் ஏற்ற இறக்கம் மட்டுமே தெரியும், எந்த எண்ணிலிருந்து என்று தெரியாது, அதனால் ஏதாவது ஒரு மூலையில் ஒரு புள்ளியைப் பிடித்து "இங்கே அழுத்தம் இவ்வளவு" என்று கட்ட வேண்டும். இரண்டாவது, முழுப் புவியீர்ப்பை ஒரேயடியாகப் போடாதே என்றார். ஆயிரத்தில் ஒரு பங்கு ஈர்ப்பில் தொடங்கு, அந்தத் தீர்வை வைத்துக்கொண்டு நூறில் ஒரு பங்கு, பிறகு பத்தில் ஒரு பங்கு, கடைசியில் முழுசாக. "கொழந்தைக்கு நடை பழக்குற மாதிரிதான் தம்பி, எடுத்தவுடனே ஓடச் சொன்னா விழுந்துடும்" என்றார். அன்றிரவு பதினொன்றரைக்குத் தீர்வு வந்தது. அம்புக்குறிகள் போர்டை ஒட்டி மேலேறி, மூடியில் திரும்பி, பக்கச் சுவரில் இறங்கிக்கொண்டிருந்தன. அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

மெஷ்ஷை நுணுக்கினால் விடை சரியாகும் என்ற என் நம்பிக்கை உடைந்த இன்னோர் இடமும் உண்டு. பஸ்பாரின் வளைவில் உள்மூலையைக் கூராக வரைந்திருந்தேன். அந்த மூலையில் மின்னோட்ட அடர்த்தியின் உச்ச மதிப்பைப் பார்த்தால், மெஷ்ஷை நுணுக்க நுணுக்க அது ஏறிக்கொண்டே போனது, எங்கேயும் நிற்கவில்லை. கணிதப்படி அந்தக் கூர்மூலையில் விடையே முடிவிலி, அதனால் நான் எவ்வளவு நுணுக்கினாலும் அது இன்னும் கொஞ்சம் மேலே காட்டத்தான் செய்யும். நிஜப் பட்டையை வளைத்தால் உள்பக்கம் ஒரு சின்ன வட்டமாகத்தான் வளையும், கூராக வளையாது. 3 மில்லிமீட்டர் ஆரத்தில் மூலையை உருட்டியதும் எண் ஒரே இடத்தில் நின்றது. பட்டையின் மொத்த வெப்பமோ இந்த எல்லா மெஷ்ஷிலும் ஏறக்குறைய மாறவே இல்லை. அதிலிருந்து, படத்தில் பொட்டு மாதிரி ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தால் அந்த எண்ணை அறிக்கையில் எழுதுவதற்கு முன்னால் மெஷ்ஷை மூன்று அளவில் மாற்றிப் பார்க்கிறேன், உள்ளே போகும் வாட்டும் வெளியே வரும் வாட்டும் ஒன்றா என்றும் பார்க்கிறேன். 40 வாட் போட்டு 37 வெளியே வந்தால் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது தப்பு.

உரிமம் வாங்க வசதியில்லை என்று தயங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. பின்லாந்தின் சிஎஸ்சி மையம் உருவாக்கிய எல்மர் இலவசம், மின்சாரமும் வெப்பமும் சேர்ந்த கணக்கெல்லாம் அதில் தாராளமாகப் போடலாம். காற்றோட்டத்துக்கு 2004இல் திறந்த மூலமாக வந்த ஓப்பன்ஃபோம் இருக்கிறது. ஃப்ரீகேட் என்ற வரைகலை மென்பொருளுக்குள்ளிருந்தே எல்மரையும், பொருள்களின் வலிமையைக் கணக்கிடும் கேல்குலிக்ஸையும் இயக்கலாம். காம்சோல் அளவுக்கு வழவழப்பாக இருக்காது, முதல் மாதம் அலுப்பாகவும் இருக்கும், ஆனால் இவற்றில் பல கட்டங்கள் காலியாகவே இருக்கும், நாமே எழுதினால்தான் ஓடும். தொடங்குபவர்களுக்கு அது நல்லது என்றே நினைக்கிறேன்.

பெட்டி என்ன ஆனது என்று சொல்லவில்லையே. பளபளப்பான அலுமினியமாக விட்டால் வெயில் திரும்பிப் போகுமே என்று அலுவலகத்தில் யோசனை வந்தது. மாடலில் போட்டுப் பார்த்தேன், பளபளப்பு வெயிலைத் திருப்புகிறது, ஆனால் தன் சூட்டையும் வெளியே விடுவதில்லை, நாம் சிரமப்பட்டுக் கண்டுபிடித்த அந்த 6 வாட் கிட்டத்தட்ட காணாமல் போகிறது. வெள்ளை பெயின்ட் இரண்டுக்கும் நல்லது. பட்டறை அண்ணன் முதல் நாளே, அந்த மாடியில் நின்றபடியே, "முன்னாடி ஒரு தகடு போடு, ரெண்டு விரல் இடைவெளி விடு" என்று சொல்லியிருந்தார். வெள்ளை பெயின்ட், முன்னால் நிழல்தகடு, நடுவில் 30 மில்லிமீட்டர் காற்று என்று மாடலை மாற்றினேன், மாலை நாலு மணிக்கு 46 வந்தது. செய்து மாட்டி, தெர்மோகப்பிள் என்ற வெப்பநிலை சென்சாரை ஒட்டி அளந்தோம். 47. அண்ணன் அந்த எண்ணைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். அதன் பிறகு பெட்டி நிற்கவில்லை.

இப்போது வேறு ஒரு தொந்தரவு. போன வாரம் திறந்து பார்த்தபோது மூடியின் உள்பக்கம் ஈரம். ரப்பர் கேஸ்கெட் போட்டு மூடிய பெட்டி, எங்கும் வெடிப்பு இல்லை. யோசித்துப் பார்த்தால், மதியம் உள்ளே 55 டிகிரிக்குப் போன காற்று, திடீரென்று மழை கொட்டி 30க்கு இறங்கும்போது அழுத்தம் ஏழெட்டு சதவீதம் விழுகிறது, அந்த இழுப்பில் கேஸ்கெட்டின் ஓரமாக வெளிக்காற்று உள்ளே புகுகிறது, நம் ஊர்க் காற்று எவ்வளவு ஈரத்தோடு வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. வெப்பம், காற்று, ஈரம் மூன்றையும் இணைத்து ஒரு மாடல் தொடங்கியிருக்கிறேன். வெளி ஈரப்பதத்துக்கான கட்டத்தைத் திறந்தேன், அதிலும் ஓர் எண் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது. அழித்துவிட்டேன். சனிக்கிழமை அண்ணனும் நானும் பெட்டிக்குள் ஓர் அழுத்த சென்சாரும் ஓர் ஈரப்பத சென்சாரும் ஒட்டப் போகிறோம். மதியம் வரை நல்ல வெயில் அடித்து, மூன்று மணிக்கு மேல் மழை வர வேண்டும்.